உயர்சாதனையாளர்களின் உறக்கமின்மையும் உடல்–மனத் தளர்வுப் பயிற்சிகளும்: ஓர் உளவியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கல்வி, ஆய்வு, நிருவாகம் முதலிய துறைகளில் உயர்ந்த இலக்குகளை வகுத்துக்கொண்டு உழைப்போர் பலர் உறக்கமின்மையால் துன்புறுகின்றனர். விடாமுயற்சி, தற்சோதனை, அளவீடு ஆகிய பண்புகள் பகலில் அவர்களுக்கு வெற்றி தருகின்றன. அவையே இரவில் உறக்கத்திற்குத் தடையாகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். படிப்படியான தசைத் தளர்வு, தன்னூக்கப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, யோக நித்திரை, விழிப்புணர்வுத் தியானம் ஆகியவை இத்தடையை எவ்வாறு நீக்குகின்றன என்பதும், அவற்றின் எல்லைகள் யாவை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறக்கமின்மை, மிகைவிழிப்பு, தசைத் தளர்வு, யோக நித்திரை, அறிதுயில், நிறைவுநாட்டம்.

முன்னுரை

உழைப்பைப் போற்றும் மரபு உறக்கத்தை ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளது. திருக்குறளின் மடியின்மை அதிகாரம் (குறள் 605) கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலங்களாக நான்கினைச் சுட்டுகிறது. காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றுடன் துயிலும் அவற்றுள் ஒன்று. சோம்பலுக்கு எதிரான அறிவுரை என்ற அளவில் இது பொருத்தமுடையது. ஆயினும் இக்காலத்து ஆய்வாளர், ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் ஆகியோருள் பலருக்குச் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. அவர்கள் உறங்க விரும்புகின்றனர், படுக்கைக்கும் செல்கின்றனர், ஆனால் உறக்கம் வருவதில்லை.

இங்கு இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். உறங்க நேரமே ஒதுக்காமல் பணியாற்றுவது உறக்க இழப்பு. போதிய நேரமும் தக்க சூழலும் இருந்தும் உறங்க இயலாமை உறக்கமின்மை. வாரத்திற்கு 3 இரவுகளேனும், 3 மாதங்களேனும் இந்நிலை நீடித்துப் பகற்பொழுதின் செயல்களைப் பாதிக்குமாயின் அது நாட்பட்ட உறக்கமின்மை என வகைப்படுத்தப்படுகிறது. தளர்வுப் பயிற்சிகள் பயன்படும் களம் இரண்டாவதேயாகும். முதலாவதற்குத் தீர்வு பணிநேரத்தைக் குறைப்பதே. வளர்ந்தோர்க்கு நாள்தோறும் 7 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆய்வுச் சங்கமும் 2015ஆம் ஆண்டில் இணைந்து அறிவித்தன. இவ்வளவைத் தராத பணிமுறையை எந்த மூச்சுப் பயிற்சியாலும் ஈடுசெய்ய இயலாது.

களைப்பும் விழிப்பும் ஒருங்கே நிகழ்தல்

உறக்கத்தை இரு செயல்முறைகள் நெறிப்படுத்துகின்றன என்ற கோட்பாட்டை ஆலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்தார். விழித்திருக்கும் நேரம் நீள நீளப் பெருகும் உறக்க அழுத்தம் முதலாவது. மூளையில் அடினோசின் திரள்வது இதனோடு தொடர்புடையது. பகல்–இரவுச் சுழற்சிக்கேற்ப இயங்கும் உடற்கடிகாரம் இரண்டாவது. இவ்விரண்டும் ஒத்திசையும்போது உறக்கம் இயல்பாக வருகிறது.

உடல் களைத்திருந்தும் உறக்கம் வராத நிலையை இவ்விரண்டால் மட்டும் விளக்க இயலாது. மூன்றாவதாக விழிப்பூட்டும் அமைப்பையும் கருத வேண்டும். அச்சுறுத்தல் நேரும்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு இதயத்துடிப்பு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, கார்டிசால் சுரப்பு மிகுகிறது. புலி எதிர்ப்படுவதும் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கை நினைவில் எழுவதும் வேறுவேறானவை என்றாலும், உடல் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்வினையாற்றுகிறது. உறக்கமின்மை உடையோர், இயல்பாக உறங்குவோரைவிட உடல் முழுமையிலும் கூடுதலான உயிர்வளி நுகர்வைக் காட்டினர் எனப் பானட், அராண்ட் ஆகியோர் 1995இல் கண்டறிந்தனர். மாலையிலும் முன்னிரவிலும் அவர்களிடம் கார்டிசால் அளவு உயர்ந்திருந்ததை 2001இல் வெளியான விகோன்ட்சாஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது. இந்நிலை மிகைவிழிப்பு எனப்படுகிறது.

ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வகுத்த மூன்று காரணிக் கோட்பாடு இந்நிலை நிலைபெறும் வழியை விளக்குகிறது. இயல்பிலேயே அமைந்த சார்புநிலை முதற் காரணி. தேர்வு, பதவி உயர்வு, இழப்பு போன்ற தூண்டுதல் இரண்டாவது. தூண்டுதல் நீங்கிய பின்னும் சிக்கலைத் தொடரச் செய்யும் பழக்கங்கள் மூன்றாவது. சாதனையாளரிடம் மூன்றாவது காரணி தனிக் கவனத்திற்குரியது. உறக்கம் கெட்ட மறுநாள் அவர் இழப்பை ஈடுசெய்ய முன்னரே படுக்கிறார். படுக்கையிலேயே மடிக்கணினியைத் திறக்கிறார். விடுமுறையில் நெடுநேரம் படுத்திருக்கிறார். நாளடைவில் படுக்கை விழிப்பிற்குரிய இடமாக மாறிவிடுகிறது.

முயற்சியே தடையாதல்

உலகியற் செயல்களுள் பெரும்பாலானவை முயற்சிக்கேற்பப் பயன் தருபவை. உறக்கம் இவ்விதிக்கு விலக்கானது. ஒரு மனநிலையை வேண்டுமென்றே உருவாக்க முயலும்போது, அம்முயற்சி வெற்றி பெறுகிறதா எனக் கண்காணிக்கும் ஓர் உட்செயலும் உடன் நிகழ்கிறது. மனச்சுமை மிகுந்த வேளையில் அக்கண்காணிப்பே எதிர்விளைவைத் தருகிறது என டேனியல் வெக்னர் 1994இல் விளக்கினார். அவர் பங்கேற்ற 1996ஆம் ஆண்டு ஆய்வொன்றில், விரைந்து உறங்குமாறு பணிக்கப்பட்டவர்கள் அணிவகுப்பு இசையைக் கேட்டவாறு உறங்க முயன்றபோது இடர்ப்பட்டனர். கோலின் எஸ்பி குழுவினர் 2006இல் இக்கருத்தை விரித்து, உறக்கத்தின்மீது கவனம், உறங்கும் நோக்கம், உறங்கும் முயற்சி என்னும் மூன்று படிகளாக உறக்கமின்மையின் வளர்ச்சியை விவரித்தனர்.

நிறைவுநாட்டம் உடையோர் இம்மூன்று படிகளையும் விரைந்து கடப்பர். குறையின்றிச் செய்தல், பிழையைத் தேடிக் களைதல், விளைவை அளத்தல் ஆகியவை அவர்களது தொழிற்பயிற்சி. அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எஞ்சிய மணிகளைக் கணக்கிடுகின்றனர். மறுநாள் வகுப்பு எவ்வாறு அமையும் என மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீட்டால் மேலும் கலங்குகின்றனர். மணிக்கட்டுக் கருவிகள் தரும் உறக்க மதிப்பெண்ணை உயர்த்தும் முயற்சியே உறக்கத்தைக் கெடுத்த நேர்வுகள் 2017இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளன. ஆகவே, இவர்களுக்கு ஏற்ற பயிற்சி, முயற்சியை உறக்கத்திலிருந்து விலக்கி வேறொன்றின்மீது செலுத்துவதாக அமைதல் வேண்டும்.

தளர்வுப் பயிற்சிகளின் வகைகளும் செயல்முறையும்

படிப்படியான தசைத் தளர்வு: அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இம்முறையை உருவாக்கி 1929இல் நூலாக வெளியிட்டார். தசைகளில் எஞ்சிநிற்கும் இறுக்கத்தை நுண்ணிய மின் அளவீட்டால் அவர் ஆராய்ந்தார். பெர்ன்ஸ்டீன், பார்க்கவெக் ஆகியோர் 1973இல் வெளியிட்ட கையேடு அவரது நீண்ட பயிற்சியைச் சுருக்கி, உடலை 16 தசைத் தொகுதிகளாகப் பகுத்தது. ஒவ்வொரு தொகுதியையும் சில நொடிகள் இறுக்கிப் பின் ஒரேயடியாகத் தளர்த்தி, இருநிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வதே பயிற்சி. பழகியபின் தொகுதிகள் 7 ஆகவும் 4 ஆகவும் குறைக்கப்படும். தளர்வதற்காக முயல்வது தளர்வாகாது என்பதை ஜேக்கப்சன் வலியுறுத்தினார். செய்வதற்கு ஒரு பணியையும் விடுவதற்கு ஒரு கணத்தையும் இம்முறை தெளிவாகப் பிரித்துத் தருகிறது. எதையேனும் செய்தே பழகிய மனத்திற்கு இது தொடக்கநிலையில் மிகவும் ஏற்றது.

தன்னூக்கப் பயிற்சி: செருமானிய மனநல மருத்துவர் யோகன்னஸ் ஷுல்ட்ஸ் 1932இல் இதனை நூலாக்கினார். உறுப்புகளின் கனம், வெம்மை, சீரான இதயத்துடிப்பு, அமைதியான மூச்சு, வயிற்றின் வெம்மை, நெற்றியின் குளிர்ச்சி என்னும் ஆறு உணர்வுகளை வரிசையாக மனத்தில் கொள்வது இதன் முறை. உறக்கம் வருவதற்குமுன் கைகால்களில் குருதியோட்டம் மிகுந்து உடலின் உள்வெப்பம் குறைவது இயல்பு. கனத்தையும் வெம்மையையும் குறித்த இப்பயிற்சி அவ்வியல்போடு ஒத்துச்செல்கிறது.

மூச்சுப் பயிற்சி: மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்புச் சற்றே விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் இயற்கை. வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் வழியே துணைப்பரிவு நரம்பு மண்டலத்தின் ஆட்சி ஓங்குவதே இதற்குக் காரணம். எனவே வெளிமூச்சை நீட்டிக்கும் பயிற்சிகள் உடலை ஓய்வின் பக்கம் திருப்புகின்றன. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்திற்குப் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 என்னும் மாத்திரை அளவுகளைக் கூறுகிறது. இதில் வெளிமூச்சு உள்மூச்சின் இருமடங்காக அமைந்துள்ளது. எனினும் நெடிய கும்பகம் ஆசிரியரின் துணையோடு பயில வேண்டிய யோக நெறி. அதன் நோக்கமும் உறக்கமன்று. படுக்கைக்கு முன் பயில்வோர்க்கு மூச்சை அடக்காமல், நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறை என்ற மெதுவான அளவில், வெளிமூச்சைச் சற்று நீட்டுவதே போதுமானது.

யோக நித்திரை: திருமாலின் துயிலைக் குறிக்கத் தமிழ் மரபு 'அறிதுயில்' என்னும் சொல்லை வழங்குகிறது. அறிவு விழித்திருக்க உடல் ஓய்ந்திருக்கும் நிலையை இச்சொல் சுருங்கச் சுட்டுகிறது. இன்று யோக நித்திரை என்ற பெயரில் கற்பிக்கப்படும் பயிற்சி, முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி 20ஆம் நூற்றாண்டில் தாந்திரிக நியாசத்தைத் தழுவி வடிவமைத்ததாகும். படுத்தநிலையில், கூறப்படும் வரிசைப்படி உடலுறுப்புகளின் வழியே கவனத்தைச் செலுத்துவது இதன் மையம். புராண மரபின் அறிதுயிலையும் இப்பயிற்சியையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். உறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை இப்பயிற்சி விதிப்பதில்லை. விழித்திருப்பதும் பயிற்சியின் பகுதியே என்பதால் உறங்காமை தோல்வியாகத் தோன்றுவதில்லை.

விழிப்புணர்வுத் தியானம்: ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 8 வாரப் பயிற்சித் திட்டம் இம்முறையை மருத்துவத் துறைக்குள் கொணர்ந்தது. எழும் எண்ணங்களை விலக்கவோ தொடரவோ செய்யாமல் நோக்கியிருத்தலே இதன் நெறி. எண்ணங்களின் வரவை இது தடுப்பதில்லை. எண்ணத்தோடு பூசலிடும் பழக்கத்தைத் தணிக்கிறது.

சான்றுகளின் வலிமையும் எல்லையும்

49 முதியோரிடம் நிகழ்த்தப்பட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 6 வார விழிப்புணர்வுப் பயிற்சி பெற்றோரின் உறக்கத் தரம், உறக்கம் குறித்த நல்வழக்கங்களை மட்டும் கற்றோரைவிட மேம்பட்டது. மஞ்சுநாத், ஷெர்லி டெல்லஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லமொன்றில் 6 மாதம் யோகம் பயின்றோர் முன்னினும் விரைவாக உறங்கியதாகவும் நீண்டநேரம் உறங்கியதாகவும் தெரிவித்தனர். இவ்விரண்டும் முதியோரைச் சார்ந்தவை. விளைவுகளும் பங்கேற்றோரின் தன்மதிப்பீட்டைச் சார்ந்தவை. பணியழுத்தம் மிக்க சாதனையாளர்க்கு அம்முடிவுகளை அவ்வாறே பொருத்துவது முறையாகாது.

நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதன்மைச் சிகிச்சையாக அறிதல்–நடத்தைச் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பல கூறுகள் இணைந்த அச்சிகிச்சைக்கு வலுவான பரிந்துரையையும், தனித்த தளர்வுப் பயிற்சிக்கு நிபந்தனையோடு கூடிய பரிந்துரையையும் வழங்கியது. தளர்வுப் பயிற்சி பயனுடையது; ஆனால் பிற கூறுகளோடு இணையும்போதே அது வலிமை பெறுகிறது என்பது இவற்றால் பெறப்படும்.

நடைமுறைப்படுத்தும் நெறிகள்

1. தளர்வுப் பயிற்சியை முதற்சில வாரங்கள் பகலிலோ மாலையிலோ பழகுதல் வேண்டும். உறக்கம் வராத நள்ளிரவில் முதன்முறையாக முயல்வோர்க்கு அது மற்றுமோர் உறங்கும் முயற்சியாகிவிடும்.

2. பணி எண்ணங்களை எழுதி வைத்தல் நன்று. 57 இளையோரிடம் ஸ்கல்லின் குழுவினர் நிகழ்த்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கைக்கு முன் 5 நிமிடம் இனிச் செய்யவேண்டிய பணிகளை எழுதியோர், முடித்த பணிகளை எழுதியோரைவிட விரைந்து உறங்கினர்.

3. ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த தூண்டல் கட்டுப்பாட்டு முறையைப் பின்பற்றுதல் வேண்டும். உறக்கம் வரும்போது மட்டும் படுத்தல், உறக்கம் வராவிடில் எழுந்து வேறிடம் செல்லுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் ஆகியவை அதன் கூறுகள். படுக்கையிலிருந்து பார்க்க இயலாதவாறு கடிகாரத்தை வைத்தல் நலம்.

4. பயிற்சியின் வெற்றியை ஒவ்வோர் இரவும் அளக்காதிருத்தல் வேண்டும். 'இன்று பயிற்சி செய்யப்பட்டதா' என்பதே கேட்கத்தக்க வினா. 'உறக்கம் வந்ததா' என்பதன்று.

5. பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும், கால்களில் அமைதியின்மை, மனச்சோர்வு ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகுதல் வேண்டும். சிலர்க்குத் தளர்வே பதற்றத்தைத் தூண்டுவதை 1980களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகையோர் கண்களைத் திறந்தவாறு, குறுகிய நேரப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம்.

முடிவுரை

உயர்சாதனையாளரின் உறக்கமின்மையை மனவலிமைக் குறைவாகக் கருதுவதற்கு இடமில்லை. பகலில் போற்றப்படும் மனவலிமை இரவில் இடமறியாது தொடர்வதே அதன் இயல்பு. தளர்வுப் பயிற்சிகள் தசை, மூச்சு, உடலுணர்வு ஆகியவற்றில் கவனத்தை நிறுத்தி, உறக்கத்தைக் கண்காணிப்பிலிருந்து விடுவிக்கின்றன. மிகைவிழிப்புத் தணிந்தபின் உறக்கம் தன் இயல்பில் வருகிறது. இப்பயிற்சிகளையும் போட்டிக்குரிய இலக்காக்கினால் அவற்றின் பயன் கெடும்.

தமிழ்ச்சூழலில் ஆய்வு மாணவர், கல்லூரி ஆசிரியர், போட்டித் தேர்வர் ஆகியோரிடம் இப்பயிற்சிகளைத் தக்க ஒப்பீட்டுக் குழுவுடன் சோதிக்கும் ஆய்வுகள் தேவை. பயிற்சிக் குறிப்புகளை எளிய தமிழில் ஆக்கிச் செம்மைப்படுத்துவதும் அதன் பகுதியாக அமைய வேண்டும். உறங்கவே நேரம் தராத பணிச்சுமையைக் கல்வி நிறுவனங்கள் குறைக்காமல், தளர்வுப் பயிற்சியை மட்டும் ஊழியரிடம் வலியுறுத்துவது சிக்கலின் பொறுப்பை இடமாற்றுவதாகும். உறக்கத்திற்கு உரிய நேரத்தை வழங்குவது நிறுவனங்களின் கடமை. அந்நேரத்தில் முயற்சியை விடுத்து ஓயக் கற்பதே தனிமனிதரின் பயிற்சி.