அமில மழை: புகைக்கும் மரத்துக்கும் நடுவில் நடப்பது என்ன?



காற்றுத் தூய்மைக்கேடு பற்றிய கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும்: "காற்றுத் தூய்மைக்கேட்டினால் மரங்கள் அழிகின்றன, ஏரிகள் பாதிக்கப்படுகின்றன." சரிதான். ஆனால் எப்படி என்று கேட்டால் பதில் வராது. புகை மேலே போகிறது, மரம் கீழே நிற்கிறது. நடுவில் என்ன நடக்கிறது? கருத்து விளக்கம் என்பது அந்த 'நடுவில்'தான் இருக்கிறது. (போகிற போக்கில் ஓர் இலக்கணக் குறிப்பு: 'தூய்மைக்கேடால்' என்று எழுதாதீர்கள். 'கேடு' நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் வேற்றுமை உருபு சேரும்போது டகரம் இரட்டிக்கும். 'தூய்மைக்கேட்டினால்' என்பதே தெளிவு.)

முதலில் வானத்திலிருந்து தொடங்குவோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலையில் ஊர்ந்து போகும் வாகனங்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகின்றன. நிலக்கரி எரிக்கும் காப்பார் மின்நிலையம், துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றிலிருந்து கந்தக டைஆக்சைடும் வருகிறது. பகலில் கடற்காற்று கிள்ளான் பக்கமிருந்து மலைப் பக்கம் வீசும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. இந்த வாயுக்கள் மேகத்தின் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையோடு இறங்குகின்றன.

மழை எவ்வளவு புளிப்பு என்பதை பிஎச் அளவு சொல்லும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். (காரம் என்றதும் மிளகாயை நினைக்காதீர்கள். இது சுண்ணாம்பின் காரம்.) காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழையே சுமார் 5.6 இருக்கும். கிழக்காசிய நாடுகள் 2001 முதல் முறையாக நடத்திவரும் அமிலப் படிவுக் கண்காணிப்புத் திட்டத்தில் நம் நாட்டின் பெட்டாலிங் ஜெயாவும் கேமரன் மலையின் தானா ராத்தாவும் இடம்பெற்றுள்ளன. பெட்டாலிங் ஜெயாவின் மழை பல ஆண்டுகளில் 4.5-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. மலைமேல் உள்ள தானா ராத்தாவில் அவ்வளவு புளிப்பு இல்லை. 5.6-க்கும் 4.5-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று விட்டுவிடக்கூடாது. இந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே இது பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

இனி மண். என்னைக் கேட்டால் முழுப் பாடத்தின் உயிரும் இங்கேதான். அமில மழை மரத்தின் மேல் கொட்டி அதை எரித்துவிடுவதில்லை. இலையில் கொஞ்சம் சேதம் உண்டு என்றாலும் பெரிய வேலை வேருக்கடியில் நடக்கிறது. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். களிமண் துகள்களும் மட்கும் இருக்கைகள். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம். மரம் உண்ணும் சத்துகள். அமில மழை பெய்ததும் ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக ஏறி இவர்களை எழுப்பிவிட்டு இடம் பிடிக்கின்றன. இறங்கியவர்களை மழைநீர் ஆற்றுக்கு அடித்துப் போகிறது. அமிலம் இன்னும் கூடினால், அதுவரை மண்ணின் கனிமங்களோடு இறுகிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. அது வேர்நுனிகளைச் சிதைக்கும். இருக்கிற கால்சியத்தையும் மரம் உறிஞ்சவிடாது. சத்துக் குறைந்த மரம் உடனே சாவதில்லை. பூச்சிக்கும் நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் மெல்லத் தளர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய விளக்கத்தை அப்படியே நம் காட்டுக்குப் பொருத்தக்கூடாது. நம் செம்மண் ஆயிரமாயிரம் ஆண்டு கனமழையில் கழுவப்பட்டு இயல்பாகவே அமிலமாக, பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில், இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூள் போடுவதைப் பற்றிச் சொல்வார்கள். சாலையோரம் ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக் செடி அலுமினியத்தைத் தன் இலைகளிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கிறது. நம் தாவரங்கள் பல இதற்குப் பழகியவை. அதனால் ஆபத்து இல்லை என்று ஆகாது. காட்டு மண்ணில் கால்சியம் முன்பே சொற்பம். உதிரும் இலை மட்கி மீண்டும் வேருக்குப் போகும் சுழற்சியில்தான் காடு பிழைக்கிறது. அந்தச் சொற்பத்தையும் மழை கழுவிக்கொண்டு போனால் ஈடுகட்ட உரமூட்டைக்காரர் யாரும் காட்டுக்கு வரமாட்டார்.

ஏரிகளுக்கு வருவோம். ஒரே மழை பெய்தாலும் எல்லா ஏரியும் ஒரே மாதிரி பாதிக்கப்படாது. காரணம் அடியிலுள்ள பாறை. பத்துமலை சுண்ணாம்புப் பாறை. கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் அதே பாறைதான். சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும். அதனால் அந்தப் பாறைமேல் அமைந்த பழைய ஈயக்குட்டைகளுக்கு ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு உண்டு. (சாக்கடை நீர் கலப்பது வேறு கதை.) உலு கோம்பாக், உலு லங்காட் பக்கத்து மலைகள் கருங்கல். கருங்கல்லுக்கு அமிலத்தை முறிக்கும் சக்தி மிகக் குறைவு. சுவீடனிலும் நார்வேயிலும் ஆயிரக்கணக்கான ஏரிகள் மீனின்றிப் போனதற்கு இந்தக் கருங்கல் நிலமே முக்கியக் காரணம். மண்ணிலிருந்து கரைந்து வந்த அலுமினியம் மீனின் செவுள்களில் படிய, கோழை சுரந்து, மீன் மூச்சுத் திணறிச் செத்தது.

"அப்படியென்றால் சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டில், 4-க்கும் கீழான கறுப்புத் தண்ணீரில் மீன் எப்படி வாழ்கிறது?" என்று ஒரு மாணவர் கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். அந்த மீன்கள் அதற்கென்றே உருவானவை. தவிர, இலைகுழை மட்கிய அந்த நீரிலுள்ள கரிமப் பொருள் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

புகைமூட்டமும் அமில மழையும் ஒன்றல்ல. 2005 ஆகஸ்டு 11-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது பெரும்பாலும் நுண்துகள்களால். அது கண்ணுக்குத் தெரியும், மழை பெய்தால் விலகும். அமிலம் தெரியாது, மழையோடுதான் வரும். கட்டுரையில் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பாதீர்கள்.

தேர்வில் இப்படி எழுதலாம்: "வாகனங்களும் தொழிற்சாலைகளும் வெளியிடும் வாயுக்கள் மழைநீரை அமிலமாக்குகின்றன. அம்மழை மண்ணிலுள்ள கால்சியத்தைக் கழுவிச் செல்வதோடு அலுமினியத்தையும் கரைத்து விடுவிக்கிறது. இதனால் மரங்களின் வேர்கள் நலிவடைகின்றன. ஏரியை அடையும் அலுமினியம் மீன்களின் செவுள்களைத் தாக்குகிறது." நான்கே வாக்கியம், காரணமும் விளைவும் கைகோத்து நிற்கின்றன.

தீர்வுப் பத்தியில் "அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல் நடந்ததையும் எழுதுங்கள். முன்பு நம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 டீசலில் 10 பங்குதான். ஆனால் காற்று சுத்தமாகும் வேகத்தில் மண் தேறுவதில்லை. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழையை அளந்துவந்த ஆய்வாளர்கள், இழந்த கால்சியத்தை ஈடுசெய்ய 1999-இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிமேல் ஹெலிகாப்டரில் கால்சியக் கனிமத்தைத் தூவினார்கள். பிறகுதான் அங்கே மேப்பிள் மரங்கள் தேறின.

வகுப்பில் செய்ய ஒரு நடவடிக்கை: வேதியியல் ஆசிரியரிடம் பிஎச் தாள் வாங்கி, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், கெப்போங் என அவரவர் வீட்டில் மழைநீர் பிடித்து அளந்துவரச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீர் வேண்டாம். முதல் பத்து நிமிட மழையைத் தனியாகவும் பிறகு பெய்வதைத் தனியாகவும் பிடிக்க வேண்டும். காற்றிலுள்ள அழுக்கை அதிகம் கழுவி வருவது முதல் மழைதான்.