வரைபடத்தில் இல்லாத நிலையங்கள்

லண்டன் பாதாள ரயில் வரைபடத்தை வடிவமைப்பின் அற்புதம் என்று கொண்டாடுவார்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் போட்ட படம், 1933இல் மக்கள் கைக்கு வந்தது. பார்க்க மின்சுற்றுப் படம் மாதிரி இருக்கும். கோடுகள் கிடையாக, செங்குத்தாக, இல்லாவிட்டால் 45 பாகைச் சாய்வில். மேலே இருக்கிற ஊரில் தேம்ஸ் நதியைத் தவிர எதுவும் அதில் கிடையாது. எனக்கு அதன் அழகைவிட அதன் மௌனங்கள் மீதுதான் ஆர்வம். வரைபடமும் ஒரு பிரதிதானே, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்டுப் பார்க்கலாம்.

படம் அச்சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1932 மே மாதம், பிக்காடில்லி தடத்தில் டவுன் ஸ்ட்ரீட் என்ற நிலையத்தை மூடினார்கள். பணக்காரர்களின் மேஃபேர் பகுதி. அங்கே யார் ரயிலுக்கு வரப்போகிறார்கள்? மூடியதாலேயே அது போரில் உபயோகப்பட்டது. நாட்டின் ரயில்களை நிர்வகித்த குழு அங்கே குடியேறியது. நடைமேடை ஓரமாகச் செங்கல் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் அலுவலகம், படுக்கையறை, சமையலறை. அந்தப் பக்கம் வழக்கம்போல வண்டிகள். 1940 கடைசியில் குண்டுவீச்சு உக்கிரமாக இருந்த நாட்களில் சர்ச்சிலே அங்கே வந்து தங்கினார். சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த பயணிகளுக்கு இது தெரியாது.

ஆட்சியாளர்கள் நிலத்தடியில் தூங்கினால் அது நிர்வாகம். மத்தவங்க தூங்கினா? போருக்கு முன்பே விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் (பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் இறந்தாரே, அவரேதான்) மக்களுக்கு ஆழ்நிலைப் பதுங்கிடங்கள் வேண்டுமென்று இயக்கம் நடத்தினார். அரசு மறுத்தது. செலவாகும், நாளாகும் என்றார்கள். கூடவே இன்னொரு அச்சம்: கீழே போன தொழிலாளி மேலே வரமாட்டான், உற்பத்தி நின்றுவிடும். 1940 செப்டம்பரில் ஜனங்கள் இந்த வாதங்களுக்குக் காது கொடுக்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள், ஏறி வரவில்லை. அவ்வளவுதான், அரசு பணிந்தது.

இதுல ஒரு விசயம் கவனிக்கணும். கிழக்கு லண்டனில் சென்ட்ரல் தடத்தை நீட்டத் தோண்டிய இரட்டைச் சுரங்கங்கள் போரால் பாதியில் நின்றிருந்தன. 1942இல் பிளெஸ்ஸி கம்பெனி அதற்குள் தொழிற்சாலை நடத்தத் தொடங்கியது. லெய்டன்ஸ்டோனிலிருந்து கான்ட்ஸ் ஹில் வரை ஏறத்தாழ இரண்டரை மைல். குழாயின் அகலம்தான் தொழிற்கூடத்தின் அகலம், பொருட்களை இழுத்துப் போக உள்ளேயே ஒரு குட்டி ரயில். விமானங்களுக்கான மின்சாதனங்களும் உதிரிகளும் அங்கே தயாராயின. வேலை செய்தவர்கள் சுமார் 2000 பேர், பெரும்பாலும் பெண்கள். பதுங்கப் போனால் கோழைத்தனம், வேலைக்குப் போனால் தேசபக்தி, சுரங்கம் ஒன்றுதான். 1947இல் அதில் ரயில் ஓடியது. கான்ட்ஸ் ஹில் நிலையத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் சார்லஸ் ஹோல்டன் என்ற கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பெண்கள் மட்டும் 'சுமார் 2000'.

அரசே பிறகு கட்டிய எட்டு ஆழ்நிலைப் பதுங்கிடங்களைப் போருக்குப் பின் விரைவு ரயிலுக்குப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். அந்த ரயில் வரவேயில்லை. 1948 ஜூனில் வின்ட்ரஷ் கப்பலில் வந்த கரீபியத் தீவுக்காரர்களில், போக்கிடம் இல்லாத 200 பேருக்கு மேல் கிளாப்பம் சவுத் பதுங்கிடத்தில் தங்க வைக்கப்பட்டார்கள். அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். பலர் அங்கேயே வாடகைக்கு அறை பிடித்தார்கள். கறுப்பு மக்களின் பிரிக்ஸ்டன் உருவானதில் வராத ஒரு ரயிலுக்கும் பங்குண்டு.

பெத்னல் கிரீன் கதை வேறு. அதுவும் தண்டவாளம் போடாத சென்ட்ரல் தட நிலையம்தான், ஆயிரக்கணக்கானவர்கள் படுத்துறங்கும் பதுங்கிடமாகியிருந்தது. நுழைவாயில் ஒன்றே ஒன்று. முதல் படிக்கட்டில் 19 படிகள், நடுவில் கைப்பிடி இல்லை, இருட்டடிப்புக்காக மங்கலான ஒரே ஒரு விளக்கு. 1943 மார்ச் 3 இரவு அபாயச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில், பக்கத்து விக்டோரியா பூங்காவில் புதிதாக நிறுவியிருந்த விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் வெடித்துக் கிளம்பின. அது ரகசிய ஆயுதம், அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. குண்டு விழுகிறது என்று நினைத்துக் கூட்டம் முண்டியது. கீழ்ப்படியில் ஒரு பெண் இடறி விழுந்தார். அவர் மேல் அடுத்தவர், அடுத்தவர். சில விநாடிகளில் ஏறத்தாழ 300 பேர் அந்தச் சின்ன வாயிலில் அடைந்துபோனார்கள். 173 பேர் செத்தார்கள், 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

பத்திரிகைகள் ஊர் பேரைச் சொல்லாமல் செய்தி போட்டன. யூதர்கள் பதறியதால்தான் என்று வதந்தி கிளம்பியது. விசாரித்த நீதிபதி டன் அது பொய் என்று எழுதினார். ஆனால் அவரே, ஒரு மோசமான இடத்தில் சிலர் தன்கட்டுப்பாட்டை இழந்ததுதான் காரணம் என்றும் முடித்தார். படிக்கட்டின் பிழை இப்படித்தான் மனசின் பிழையாகிறது. 1941லேயே உள்ளூர் நிர்வாகம் வாயிலைப் பலப்படுத்த அனுமதி கேட்டிருந்தது. மேலதிகாரிகள் வீண் செலவு என்று மறுத்திருந்தார்கள். அந்தக் கடிதங்கள் உள்ளே கிடக்க, ஊரார் உள்ளூர் நிர்வாகத்தைத்தான் ஏசினார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று அறிக்கையும் 1945 வரை பூட்டப்பட்டிருந்தது. எந்த எதிரிக்கு?

விபத்துக்குப் பிறகு கைப்பிடிகள் பொருத்தினார்கள், படி விளிம்புகளுக்கு வெள்ளையடித்தார்கள். 1946 டிசம்பரில் நிலையம் திறந்தது. பெக்கின் படத்தில் அது சிவப்புக் கோட்டில் ஒரு சின்னக் குறியாக இருக்கிறது. பயணிகள் அதே படிகளில்தான் இறங்குகிறார்கள்.