பழைய மினிக்கு அகன்ற சில்லு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில், கொட்டில்களில் தூசி படிந்து கிடந்த பழைய கார்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு கிட்டியது. அவற்றுள் இளைஞரின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது மினி என்னும் சிற்றுருவக் காரே எனலாம். பாட்டனார் வாங்கி வைத்த வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், இயந்திரம் இயங்குமா என்று பார்க்குமுன்னரே, நம்மிடம் படித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சேர், இதுக்கு அகலமான சில்லுப் போட்டால் ரோட்டைப் பிடிச்சுக்கொண்டு ஓடும்தானே?"

ஆசை தவறன்று. ஆனால் கேள்வியில் பாதிதான் உண்மை உள்ளது.

மினியை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் அது வெளிவந்தபோது அதன் சில்லின் விட்டம் 10 அங்குலம். ரிம்மின் அகலமோ மூன்றரை அங்குலமே. சில்லு பெரிதானால் அது மறையும் குழியும் பெரிதாகும். ஆட்கள் அமரும் இடம் குறையும். ஆகவே டன்லப் நிறுவனத்தாரிடம் அச்சிறிய டயரைத் தனியே செய்வித்தார். அந்தச் சின்னச் சில்லுகளின் மேல் ஓடியே மினி கூப்பர் எஸ் வண்டிகள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ ஓட்டத்தில் முதலிடம் பெற்றன. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கச் செல்பவர்களுக்கும் இவ்வண்டி புதியதன்று.

இனிச் சிறிது பௌதிகவியல். ஏறத்தாழ 640 கிலோகிராம் எடையுள்ள மினியில், சராசரியாக ஒரு சில்லு தாங்குவது 160 கிலோகிராம். டயரில் 28 இறாத்தல் காற்று அடித்தால், அதன் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2 கிலோகிராம். அப்படியாயின் நிலத்தைத் தொடும் பரப்பு 80 சதுர சென்ரிமீற்றர். விரல் நீங்கலாக உள்ளங்கை அளவு. காற்றும் எடையும் மாறாதிருக்க, டயரை மட்டும் அகலமாக்கினால் இப்பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. நீண்டு ஒடுங்கியிருந்த உள்ளங்கை குறுகி அகன்றதாக மாறும், அவ்வளவே. வளைவில் திரும்பும்போது அவ்வடிவம் உதவுகிறது. திருப்பியதும் வண்டி உடனே இணங்குகிறது. பந்தய வண்டி வீதியைக் கவ்வுவதற்கோ அகலம் மட்டும் காரணமன்று. மென்மையான ரப்பரும் குறைந்த காற்றும் சேர்ந்தே அதைச் செய்கின்றன.

அளவைப் பார்ப்போம். 145/80 இலக்கமுள்ள 10 அங்குல டயரின் முழு விட்டம் 486 மில்லிமீற்றர். 165/70 இலக்கமுள்ளதன் விட்டம் 485. அகலம் 20 மில்லிமீற்றர் கூடியும் உயரம் மாறவில்லை! வேகமானி பொய் சொல்லாது. பற்சக்கர விகிதமும் கெடாது. 5 அங்குல அகல ரிம் ஒன்று கிடைத்தால் மினிக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை என்பது நம் துணிபு. இன்னும் பெரிதாக்கி 175/50 அளவில் 13 அங்குலச் சில்லுப் பூட்டினால் விட்டம் 505 ஆகிவிடும். மட்காட்டின் விளிம்பையும் வெட்ட வேண்டிவரும். வெட்டிய பழைய தகட்டுக்கு மாற்றுத் தகடு எங்கே தேடுவது? 1984க்குப் பிந்திய மினிகளில் பெரிய பிரேக் தட்டும் 12 அங்குலச் சில்லும் உள்ளன. அவற்றில் சாதாரண 10 அங்குலச் சில்லு பிரேக்கில் முட்டும் என்பதையும் வாங்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. மினியின் நான்கு ஆணிகளும் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை, அதாவது 101.6 மில்லிமீற்றர். பழைய சாமான் கடைகளில் குவிந்து கிடக்கும் ஜப்பானிய அலோய் சில்லுகள் பலவற்றிலும் நான்கு துளைகளே உள்ளன. அவ்வட்டமோ 100 மில்லிமீற்றர். வேறுபாடு 1.6 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது. நட்டைப் பலமாக முறுக்கினால் சில்லு ஏறியும் விடும். ஆனால் நட்டு தன் குழியில் நேராக அமராது. ஆணி வளைந்து நிற்கும். ஓட ஓட நட்டு தளரும். கொழும்பு–புத்தளம் வீதியில், எதிரே பஸ்ஸும் லொறியும் விரைந்து வரும்போது முன்சில்லு கழன்றால் நேரக்கூடியதை நாம் எழுதத் தேவையில்லை. "பூட்டிவிட்டேன், பொருந்திவிட்டது" என்னும் கராஜ்காரரின் சொல்லை நம்பாமல், அளவுகோலை நம்புக. முன்னேசுவரத்துக்குக் கொண்டுபோய்ச் சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னரே இந்த அளவைப் பார்த்துவிடுவது உத்தமம்.

சில்லு வெளியே தள்ளி நின்றால் அழகாக இருக்கிறது என்பர் சிலர். நீளமான நெம்புகோல் போல அது பெயரிங்கின்மேல் கூடிய பாரத்தைச் சுமத்துகிறது. ஸ்டியரிங் கையில் உதறுகிறது. நம் கரையிலே இன்னொரு தொல்லையும் சேர்கிறது. பாரமேற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்காட்டின் உள்விளிம்பில் உரசிச் சாயத்தைச் சுரண்டும். உப்பளம் சூழ்ந்த ஊரில், கடற்காற்று வீசும் இடத்தில், சாயமிழந்த இரும்பு எத்தனை நாள் தாங்கும்? வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும்.

மழையையும் மறத்தலாகாது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நம் வீதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும். தேங்கிய நீரை ஒடுங்கிய டயர் கத்திபோலப் பிளந்து செல்லும். அகன்ற டயரோ, பாரமில்லாத வண்டியில், நீரின்மேல் மிதக்க முற்படும். பட்டன் தேய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அந்நேரம் பார்த்து வீதியின் நடுவே கழுதைக் கூட்டம் நிற்கும். புத்தளத்துக் கழுதைகள் எந்த வாகனத்துக்கும் வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை.

மணலுக்கு அகன்ற டயர்தானே நல்லது என்று கற்பிட்டிப் பக்கத்து அன்பர்கள் கேட்கக்கூடும். மணலில் வேண்டியது பரப்பு. அது காற்றைக் குறைப்பதால் வருவது. அமுக்கம் பாதியானால் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகும். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிக்கொள்ளல் வேண்டும். பாரத்துக்குப் போதிய பரப்பு இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது புத்தளத்தில் 'ராஜாளிய' என்ற பெயரில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இருந்தது. அங்கு சேற்றில் புதைந்த கோர்செயர் போர் விமானங்களை யானைகளைப் பூட்டியே இழுத்தார்கள். அப்புகைப்படங்கள் இன்றும் உள்ளன.

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் மினியுடன் வந்திருந்தார். முன்சொன்ன ஜப்பானியச் சில்லு நான்கையும் விலை பேசி முடித்திருந்தார். நூலும் அடிமட்டமும் கொண்டு அளக்கச் சொன்னோம். அளந்தார், முகம் சுருங்கிற்று. முற்பணம் திரும்பவில்லை. சில மாதங்கள் தேடி, மினிக்கே உரிய 5 அங்குல ரிம் நான்கைக் கண்டுபிடித்தார். 165/70 டயர் பூட்டினார். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்று சொல்லியிருந்தோம். ஆகவே கடைக்காரர் முதலில் நீட்டிய பழைய டயரை வேண்டாமென்றார். நால்வரை வண்டியில் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று கண்டபின்னரே வீதிக்கு எடுத்தார். ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை மீண்டும் முறுக்கினார். பழைய மூன்றரை அங்குலச் சில்லுகள் நான்கும் எண்ணெய் பூசப்பட்டு, சாக்கில் சுற்றப்பட்டு, அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன.