உக்கிராணத்திலிருந்து இலை வரை

திருவண்ணாமலை வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைகளில் மனு கொடுக்க வருகிறவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர். அவர்கள் உள்ளே போக நல்ல வழி வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்த மனுவை வாங்கிப் பதிவு செய்கிற எழுத்தரும் மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் என்பதுதான் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அரசுப் பணியில் 4 சதவீத இடம் அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. மனுதாரர் வந்து போய்விடுவார். எழுத்தரோ ஓய்வு பெறும்வரை அதே படியை ஏறி, அதே கழிப்பறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் படியை மாற்றும் பணம் எங்கிருந்து வருகிறது?

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் உக்கிராணம் நிறையச் சரக்கு இருக்கும். ஆனால் சமையல் மாஸ்டர் எழுதிய மளிகை லிஸ்ட் வராமல் ஒரு கைப்பிடி பருப்புகூட அடுப்படிக்குப் போகாது. லிஸ்டில் விட்டுப்போனது பந்தியிலும் விட்டுப்போகும்.

இங்கே உக்கிராணம் இரண்டு. ஒன்று மத்திய அரசுடையது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்த ‘சிப்டா’ என்றொரு திட்டம் வைத்து, அரசுக் கட்டடங்களில் சாய்தளம், மின்தூக்கி, கழிப்பறை அமைக்க மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய ‘சுகம்ய பாரத்’ (அணுகத்தக்க இந்தியா) இயக்கத்துக்கும் பணம் இதிலிருந்துதான் வந்தது. மற்றொன்று மாநிலத்துடையது. தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்துக்கு உலக வங்கி 2022 ஜூனில் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. பொதுக் கட்டடங்களை அணுகும்படி மாற்றுவது அதன் வேலைகளில் ஒன்று.

மளிகை லிஸ்டின் இடத்தில் இருப்பது அணுகல் தணிக்கை. நாடாவும் நோட்டுமாக ஒருவர் வாசலிலிருந்து கழிப்பறை வரை அளந்து, எங்கெங்கே தடை என்று எழுதுவது. கதவுக்கு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். சாய்தளத்துக்கு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க சுமார் ஐந்தரை மீட்டர் நீளம் தேவைப்படும் என்பது பலருக்கும் நம்ப முடியாத கணக்கு. வாசலில் அவ்வளவு இடம் இல்லை என்று இரண்டு மீட்டரில் சிமென்ட் பூசி முடித்துவிடுகிறார்கள். மழை நாளில் அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை ஆபத்து என்று தெரியும். கணக்கேட்டில் மட்டும் ‘சாய்தளம் உண்டு’ என்று இருக்கும். இதைவிட இல்லாமலே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இல்லை என்றால் கேட்கவாவது முடியும்.

லிஸ்டில் உப்பை எழுதினாலும் சரி, விட்டாலும் சரி என்று விதி இருந்தால் பந்தி என்னாகும்? மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளில் 15ஆவது விதி அப்படித்தான் இருந்தது. அளவுகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது.

தணிக்கைக்குப் பிறகு எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், டெண்டர், வேலை, பில். கடைசியில் பணம் செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ். அது போய்ச் சேராமல் உக்கிராணம் அடுத்த தவணைக்குத் திறக்காது.

இதுவரை சொன்னது பெரிய அண்டா. எல்லா இலைக்கும் ஒரே சோறு. பந்தியில் ஒருவருக்கு உப்பில்லாமல் வேண்டியிருக்கும், ஒருவருக்குக் குழைய வேண்டியிருக்கும். பரிமாறுகிறவர் கேட்டு, உள்ளே போய்த் தனியாக எடுத்து வரவேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் சொல்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அவரவர் தேவைக்கேற்ற மாற்றத்தைச் செய்து தரவேண்டும். பார்வையற்ற எழுத்தருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், செவித்திறன் இல்லாதவருக்குக் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர், உயரம் மாற்றிய மேசை. எல்லாமே செலவு பிடிப்பவை என்றும் இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழையும் படிக்கும்.

வேலூர் சாலையில் ஒரு துணிக்கடையோ ஓட்டலோ வைத்திருப்பவர் மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுத்தால்? 2008 ஏப்ரலில் ஒரு மத்தியத் திட்டம் வந்தது. மாதச் சம்பளம் 25,000 ரூபாய் வரை உள்ள மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி கட்டவேண்டிய பி.எஃப். பங்கை அரசே மூன்று ஆண்டுகளுக்குக் கட்டும் என்று அறிவித்தார்கள். அது சம்பளக் கணக்கோடு சரி. கல்லாவுக்கு முன்னால் இருக்கும் படிக்கு அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. சட்டமோ ‘அளவுக்கு மீறிய சுமை’ என்றால் மாற்றம் செய்யவேண்டியதில்லை என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சின்னக் கடைக்காரர் கட்டுப்படியாகாது என்று அந்தக் கதவு வழியே போய்விடலாம்.

பிரிட்டனில் 1994 முதல் நடக்கும் ‘ஆக்சஸ் டு வொர்க்’ திட்டத்தில் விண்ணப்பிப்பவர் ஊழியர்தான். கருவி, உதவியாளர், பஸ்ஸில் போக முடியாவிட்டால் டாக்சி, எதுவானாலும் அவர் தேவையைப் பார்த்துப் பணம் வரும். சுயதொழில் செய்பவருக்கும் உண்டு. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் முதலாளி பங்கு எதுவும் போடவேண்டியதில்லை. சிங்கப்பூரில் பணியிட மாற்றச் செலவில் 90 சதவீதம் வரை, ஓர் ஊழியருக்கு 20,000 சிங்கப்பூர் டாலர் வரம்பில், முதலாளிக்குக் கிடைக்கிறது. சமையல் கணக்கில் சொன்னால், அங்கே இலையைப் பார்த்துச் சரக்கு எடுக்கிறார்கள். நம் ஊரில் பணம் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. ஆளைத் தேடி வருவதில்லை. தமிழகம் இதை மாற்றலாம். மாற்றினால் ‘அளவுக்கு மீறிய சுமை’ என்று சொல்ல யாருக்கும் இடமிருக்காது.

அதுவரைக்கும் அரசு ஊழியர் கையில் இருப்பது சட்டத்தின் 23ஆவது பிரிவு. ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் இதற்கென ஒரு குறைதீர் அலுவலர் இருக்கவேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவேண்டும். அதில் நிறைவில்லை என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். மனுவில் குறைபாட்டை விவரித்துப் பக்கம் நிரப்பவேண்டாம். எந்த வேலையைச் செய்ய எந்தப் பொருள் அல்லது மாற்றம் வேண்டும், எங்கே வைக்கவேண்டும், அளவு என்ன என்று எழுதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.