11,800 ரூபாய் பில்லும் 640 ரூபாய் ஸ்பார்க் பிளக்கும்

வவுச்சர் பார்க்காம ஒரு செலவையும் பாஸ் பண்ணாத ஆள் நான். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி, செப்டம்பர் கடைசி வாரம், டாக்ஸ் ஆடிட் நெருக்கடியில இருந்தப்போ, சர்வீஸ் சென்டர்ல இருந்து வந்த போன்ல 11,800 ரூபாய்க்கு "சரி, பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெட்ரோல் கார், 58,000 கி.மீ. ஓடியிருந்தது. சிக்னல்ல நிக்கும்போது உதறல், மேம்பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கும், மைலேஜ் 15-ல இருந்து 13-க்கு இறங்கிடுச்சு. இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஒரு இக்னிஷன் காயில்னு பில் வந்தது. பத்தே நாள்ல உதறல் திரும்பி வந்துடுச்சு.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "பிளக் எப்ப சார் மாத்துனீங்க?" பழைய பில் எல்லாத்தையும் புரட்டினேன். எதுலயும் பிளக் இல்ல. கழட்டிப் பார்த்தா முனை தேஞ்சு உருண்டை ஆகியிருந்தது. 160 ரூபாய் வீதம் நாலு பிளக், 640 ரூபாய். உதறல் நின்னுடுச்சு.

விஷயம் இதுதான். பிளக்கோட ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். அதுலதான் தீப்பொறி பாயுது. ஒவ்வொரு பொறியும் உலோகத்தைத் துளித்துளியா அரிக்கும். இடைவெளி அகலமாக ஆக, தாண்ட அதிக வோல்டேஜ் வேணும், காயில் திணறும். ஒரு கட்டத்துல பொறி விட்டுப் போகும். இதுதான் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், அங்க இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அது போனா செலவு ஆயிரத்துல நிக்காது, பல ஆயிரம். அதனால செக் இன்ஜின் லைட் சும்மா எரியாம, விட்டு விட்டு மின்னுச்சுன்னா ஆக்ஸிலரேட்டரை மிதிக்காம ஓரங்கட்டிடுங்க.

(டீசல் கார்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டீசல் கார் பில்லுல அது இருந்தா, தாராளமா சண்டை போடலாம்.)

சரி, பிளக்தான் காரணம்னு எப்படி உறுதி பண்றது? ஸ்கேனர் மாட்டினா பி0301-ன்னு ஒரு கோட் வரும். முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னு அர்த்தம். பி0302-ன்னா ரெண்டாவது. பி0300-ன்னா எதுன்னு சொல்ல முடியாம மாறி மாறி வருது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் இருக்கிற கார்ல, முதல் சிலிண்டர் காயிலை ரெண்டாவதுக்கு மாத்தி மாட்டி ஓட்டச் சொல்லுங்க. கோட் பி0302-ஆ மாறினா காயில்தான் குற்றவாளி. மாறலைன்னா அடுத்து பிளக்கை இடம் மாத்திப் பாருங்க. ஒரு பார்ட்ஸும் வாங்காம செய்யற சோதனை இது. என் விஷயத்துல இதை யாருமே செய்யலை, நானும் கேக்கலை.

கழட்டின பிளக்கைக் கையில வாங்கிப் பாருங்க. வெளிர் பழுப்பு நிறம்னா எரிதல் சரியா இருக்கு. முனை தேய்மானத்தை மட்டும் பார்த்தா போதும். காய்ஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, ஏர் ஃபில்டர்ல இருந்து ஆரம்பிங்க. ஆயில் பிசுபிசுப்பு இருந்தா இன்ஜின் உள்ள எங்கேயோ ஆயில் கசியுது. புது பிளக் போட்டாலும் அதுவும் நனையும். வெள்ளை வெளேர்னு கொப்புளம் மாதிரி இருந்தா சூடு அதிகம்.

இப்ப என் ஏரியா. சாதாரண நிக்கல் பிளக் சுமார் 40,000 கி.மீ., இரிடியம் சுமார் 1,00,000 கி.மீ. வரும்னு வெச்சுப்போம். நாலு நிக்கல் 640, கூலி 300, மொத்தம் 940. கி.மீ.க்கு 2.35 பைசா. இரிடியம் ஒண்ணு 700-ன்னா கூலியோட 3,100. கி.மீ.க்கு 3.1 பைசா. மேனுவல்ல நிக்கல் போட்டிருந்தா, "இரிடியம் போட்டா லாபம்"ங்கிற பேச்சை நம்பி மாத்த வேண்டாம். மேனுவலே இரிடியம் சொன்னா மட்டும் அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

தள்ளிப்போடற கணக்கையும் பாருங்க. மாசம் 1,000 கி.மீ., லிட்டர் 100 ரூபாய். மைலேஜ் 15-ல இருந்து 13-க்கு இறங்கினா மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல கூடுதல் பெட்ரோல். எனக்கு அப்படி எத்தனை மாசம் போச்சுன்னு கணக்குப் போட மனசு வரலை.

நீங்களே மாத்தறதா இருந்தா, இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் மட்டும் தொடுங்க. குழியில இருக்கிற தூசியை ஊதிட்டு ஒவ்வொண்ணா கழட்டுங்க. புது பிளக்கை முதல்ல ஸ்பேனர் இல்லாம, விரலால திருகி இறக்குங்க. அலுமினியம் ஹெட்ல மரை போச்சுன்னா, மிச்சம் பிடிச்ச கூலியைப் போல பல மடங்கு போயிடும். பயமா இருந்தா மெக்கானிக்கிட்டயே கொடுங்க, தப்பே இல்ல.

ஆனா பழைய பிளக்கை அவர்கிட்ட இருந்து கேட்டு வாங்கி, ஓடோமீட்டர் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. என் கார் ஃபைல்ல இப்ப முதல் பக்கமே அந்தப் போட்டோதான்.