மறைந்த புள்ளி

ராயப்பன்பட்டியில் ஒரு வகுப்பறை. அப்பால் திராட்சைப் பந்தல்கள். மேசைமேல் 2006 முதல் தமிழக அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுள் ஒன்றும், 2011 முதல் மாணவர்க்களித்த மடிக்கணினிகளுள் ஒன்றும் இருந்தன. இரண்டையும் இணைக்க முற்பட்டேன்.

கணினியில் எச்.டி.எம்.ஐ. வாய், பெட்டியிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். மஞ்சள் படத்துக்கு, மற்றவை ஒலிக்கு. இடையே மாற்றுக்கருவி ஒன்றைப் பொருத்தினேன், படம் வந்தது. “மண் வளம்” என்று நான் எழுதியதை ஒரு மாணவி “மண வளம்” என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. பிழை அவளுடையதன்று, புள்ளியைப் பெட்டி விழுங்கிவிட்டது.

காரணம் எளிது. அப்பெட்டி பின்பற்றும் ‘பால்’ முறையில் வரிகள் 625. படம் தாங்குபவை 576 மட்டுமே. கணினித் திரையிலோ 768 வரிகள். அவற்றை நெருக்கும்போது நுண்ணிய புள்ளி கரைந்துபோகிறது. ஆங்கில எழுத்து சற்று மங்கினாலும் படிக்கலாம். தமிழில் மெய்யே உயிர்மெய்யாகிவிடும்! போதாக்குறைக்குப் பெட்டி படத்தின் ஓரங்களையும் சிறிது மறைத்துக்கொள்கிறது.

ஓரத்தில் இடம் விட்டு, எழுத்தை இருமடங்கு பெருக்கித் தடிப்பாக்கினேன். புள்ளி திரும்பியது. ஆனால் திரையில் நான்கு வரிகளே அடங்கின; எஞ்சியதைக் கரும்பலகையில் எழுதினேன்.