செனாவாங் வெயிலுக்கு எந்தத் தார்?

மத்தியான வெயிலில் தார்ச்சாலை ஓரம் நிறுத்திய மோட்டார் சைக்கிளை ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டு ஊன்றிய இடத்தில் சின்னக் குழி விழுந்திருக்கும். சில நாள் வண்டியே சாய்ந்து கிடக்கும். ஆனால் அதே சாலையில் பல டன் எடையுள்ள லோரி விரைந்து போனால், போன தடமே தெரிவதில்லை. ஏன்?

ஸ்டாண்டின் நுனி சிறியது, எடை ஒரே புள்ளியில் இறங்குகிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி, நேரம். தார் சட்டென்று அழுத்தினால் திடப்பொருள்போல் எதிர்த்து நிற்கும். பொறுமையாக அழுத்திக்கொண்டே இருந்தால் திரவம்போல் நகர்ந்து கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் தார் போன்ற 'பிட்ச்' என்ற பொருளை ஒரு புனலில் ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் உடையும் அந்தப் பொருள், புனல் வழியே சொட்டுகிறது. ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014 ஏப்ரலில்!

நாம் 'தார்' என்று சொன்னாலும், உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வந்தது. இன்று சாலையில் இருப்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் நிலக்கீல், அதாவது பிட்டுமன். சாலைக் கலவையின் எடையில் அது ஏறக்குறைய 5 விழுக்காடுதான்; மற்றதெல்லாம் கருங்கல்லும் கல்தூளும். பாரத்தைச் சுமப்பது கல். ஆனால் வெயிலிலும் குளிரிலும் சாலை பிழைக்குமா என்பது அந்த 5 விழுக்காட்டுப் பசையைப் பொறுத்தது.

பசை எவ்வளவு கெட்டி என்று பார்க்க எளிமையான ஒரு சோதனை உண்டு. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை நிலக்கீலின்மேல் 5 விநாடி விடுகிறார்கள். ஊசி 6 முதல் 7 மில்லிமீட்டர் இறங்கினால் அது '60/70' தரம். 8 முதல் 10 மில்லிமீட்டர் என்றால் '80/100', கொஞ்சம் மென்மையானது. மலேசியாவில் இவ்விரண்டும் புழக்கத்தில் உண்டு.

குளிர் நாட்டில் கதை தலைகீழ். அங்கே பயம் குழியல்ல, விரிசல். உறைகுளிரில் நிலக்கீல் சுருங்கி, நெகிழ முடியாமல் வெடிக்கிறது. விரிசலில் இறங்கும் நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு பருத்து, பிளவை மேலும் பிளக்கிறது. அதனால் கனடாவின் டொரொன்டோ பக்கம் '58-28' என்ற தரத்தைப் பயன்படுத்துகிறார்கள். சாலை 58 டிகிரிவரை சூடானாலும், மைனஸ் 28 டிகிரிவரை குளிர்ந்தாலும் அது தாங்கும். இந்தியாவிலும் மலைப்பகுதிக் குளிருக்கு 'விஜி-10' என்ற மென்மையான வகை. சமவெளி வெயிலுக்குக் கெட்டியான 'விஜி-30'.

நமக்கு அந்த மைனஸ் கணக்கே தேவையில்லை. செனாவாங்கில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆனால் வெயில் உச்சத்தில் கறுப்புச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடக்கூடும். 60/70 நிலக்கீல் 50 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும்! தொழிற்பேட்டை லோரிகள் சமிக்ஞை விளக்கில் நின்று நின்று நகரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டு கதைதான் அங்கேயும். சக்கரத் தடம் பள்ளமாகிறது, மழைநீர் அதில் தேங்குகிறது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் சறுக்குகிறார். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கனரக வண்டிகள் ஓடும் சாலைகளுக்குப் பலபடி கலந்த, 76 டிகிரி தாங்கும் தரத்தைத் தேடுவது இதனால்தான்.

பலபடி என்றதும் பயந்துவிட வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால், அவர்கள் மங்கில் சேர்த்ததும் பலபடிதான். ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நிலக்கீலிலுள்ள இலேசான எண்ணெய்களை உறிஞ்சிப் பருத்து, வலைபோல் பரவுகின்றன. சக்கரம் அழுத்தினால் வலை நீளும். சக்கரம் போனதும் பெருமளவு பழைய இடத்துக்கே திரும்பும். நம் மாநிலத்தில் ரெம்பாவ்–தம்பின் சாலையில் 1993-இலேயே ரப்பர் கலந்த தாரைப் போட்டுச் சோதித்தார்கள். பின்னர் மலேசிய ரப்பர் வாரியம், மங்கிலேயே உறையும் கட்டிப்பாலை நிலக்கீலோடு கலக்கும் முறையை உருவாக்கியது. சிறுதோட்டக்காரர்களின் கட்டிப்பாலுக்கு இதனால் இன்னொரு சந்தை கிடைக்கிறது. ஆனாலும் இது மந்திரமல்ல. செலவு கூடும், கலக்கும்போது சூடு மிஞ்சினால் சங்கிலிகள் அறுந்து, ரப்பர் சேர்த்ததே வீணாகும்.

சரி, வீட்டு வாசலுக்கு? குளிர் நாட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லப்படும் 'மென்மையான தார் போடு' என்ற யோசனை இங்கே ஆகாது. 60/70 போதும், லோரி வராத வாசலுக்கு ரப்பர் கலந்த தார் வீண் செலவு என்பேன். அதைவிட அடித்தளக் கல்லை நன்றாக இறுக்குவதும், அடைமழை நீர் வழிந்தோடச் சரிவு விடுவதும் முக்கியம். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருகினால் புதுத் தார் உரியும். கார் கொஞ்சம் உருளும்போது திருப்பச் சொல்லுங்கள். கார் நிற்கும் இடத்தில் மட்டும் சிமெண்டே மேல். இயந்திர எண்ணெயும் டீசலும் நிலக்கீலின் சொந்தக்காரர்கள், எல்லாம் கச்சா எண்ணெயின் பிள்ளைகள். சொட்டச் சொட்ட அவை நிலக்கீலைக் கரைத்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கோ, ஸ்டாண்டின் அடியில் ஒரு பலகைத் துண்டு போதும்.